வெயிலுக்கு வயசு தெரியும்

கத்திரி வெயில் நாட்களில் வடபழனியின் முதியவர்களைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். ஆண்டவர் கோயில் வாசல், பால் பூத், பூக்கடை வரிசை என எங்கும் அவர்கள்தான். எட்டரைக்குள் காய்கறிப் பையோடு வீடு திரும்பிவிடுவார்கள். பிறகு மாலை ஐந்தரை வரை தெருவில் டெலிவரி இளைஞர்களும் ஆட்டோக்களும் மட்டும். யாரும் அறிவிக்காத ஊரடங்கு ஒன்று தினமும் நடக்கிறது.

வீட்டுக்குள் இருப்பவர் பத்திரமாக இருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். குமரன் காலனி, துரைசாமி சாலைப் பக்கம் கொஞ்சம் நடந்தால் அந்த நினைப்பு கலைந்துவிடும். தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக 1980களிலும் 90களிலும் கட்டப்பட்ட ஃபிளாட்டுகள் இங்கே ஏராளம். லிஃப்ட் கிடையாது. வாங்கியபோது அவர்களுக்கு வயது நாற்பது. மேல்மாடி என்றால் விலை கொஞ்சம் குறைவு, காற்று வரும், தலைக்கு மேல் யாரும் அம்மி நகர்த்த மாட்டார்கள் என்று ஆசைப்பட்டு வாங்கினார்கள். இப்போது எழுபத்தைந்து. மொட்டைமாடியில் பதித்த தட்டோடும் அதன் கீழுள்ள கான்கிரீட்டும் பகல் முழுக்க ஏற்ற சூட்டை, ராத்திரி பத்து மணிக்கு மேல் படுக்கையறைக்குள் இறக்கும். கடற்கரையிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது வடபழனி. மயிலாப்பூரும் அடையாறும் குளிர்ந்த பிறகுதான் கடற்காற்று இங்கே எட்டிப் பார்க்கும். நடுவில் எழும்பிய அடுக்குமாடிகள் மிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைவிட மோசமான மேல்மாடியும் உண்டு. ஏவி.எம்., விஜயா-வாஹினி ஸ்டூடியோக்களை நம்பி வடபழனிக்கும் சாலிகிராமத்துக்கும் குடிவந்த லைட்மேன்கள், குரூப் டான்ஸர்கள், ஸ்டன்ட் தொழிலாளர்கள் பலருக்கு இப்போது வயதாகிவிட்டது. கைக்கு எட்டுகிற வாடகையில் கிடைப்பது மொட்டைமாடியில் ஷீட் போட்டு எடுத்த ஒற்றை அறை. மே மாதத்தில் பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் மின்விசிறி போட்டால் அடுப்பங்கரைக் காற்றுதான் வரும். வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடம்பை இன்னும் சூடாக்கிவிடும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதில் ஏசிக்கு எங்கே போவது? ஏசி இருக்கிற வீட்டிலும், "அணைச்சிடு, ஐந்நூறைத் தாண்டிடும்" என்கிற குரல் கேட்கும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்ற கோட்டைத் தாண்டினால் மின்கட்டண விகிதமே மாறிவிடும் என்பது சென்னையில் பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

வயதான உடம்பு வெயிலைக் கையாளும் விதமே வேறு. வியர்ப்பது குறையும். உடம்பு வறண்டாலும் தாகம் எடுக்காது. ரத்த அழுத்தத்துக்காகக் கொடுக்கிற, நீர் பிரிக்கும் மாத்திரை இருக்கிற தண்ணீரையும் வெளியேற்றும். சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்குக் கூடுதல் ரத்தம் அனுப்ப வேண்டும். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் இதயத்தால் அவ்வளவு வேகம் எடுக்க முடியாது. இப்படி ஒருவர் மூன்று நாள் தூக்கமில்லாத இரவுகளுக்குப் பிறகு விடியற்காலையில் இறந்துபோனால் என்ன எழுதுவோம்? மாரடைப்பு. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, வெயிலால் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் சாலையில் சுருண்டு விழுந்தவர்தான் அந்தக் கணக்கில் வருவார். கட்டிலில் இறந்தவர் வருவது கஷ்டம்.

வெப்ப அலை என்ற சொல்லுக்கும் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறது வானிலை ஆய்வு மையம். கடலோர ஊர் என்றால் வெப்பம் குறைந்தது 37 டிகிரி இருக்க வேண்டும். அத்தோடு அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையின் வழக்கமே 37ஐ ஒட்டித்தான். ஆக, 41ஐத் தாண்டினால்தான் எச்சரிக்கை. 38 டிகிரி வெயிலும் கசகசக்கும் ஈரப்பதமும் இரவில்கூட 30க்குக் கீழே இறங்காத புழுக்கமும் சேர்ந்து ஒரு கிழவியை வாட்டி எடுத்தால், அது அதிகாரபூர்வமாக இயல்பான வானிலை.

2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். 2021இல் 13.6 என்றது தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் மதிப்பீடு, 2031இல் 18.2 ஆகும் என்கிறது. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் நியூஜெர்சியிலும் பெங்களூரிலும் இருக்க, அப்பா அம்மா இருவர் மட்டும் அல்லது இருவரில் ஒருவர் மட்டும் வசிக்கிற ஃபிளாட்டுகள் வடபழனி, கே.கே.நகர், அசோக் நகர் வட்டாரத்தில் எத்தனை என்று அந்தந்தத் தெரு இஸ்திரிக்காரரைக் கேட்டால் விரல் விட்டுச் சொல்வார்.

சென்னை மாநகராட்சிக்கு ஒரு காலநிலைச் செயல்திட்டம் இருக்கிறது. சி40 நகரங்கள் கூட்டமைப்பின் துணையோடு தயாராகி, 2023 ஜூனில் வெளியானது. 2050க்குள் கார்பன் சமநிலை என்பது இலக்கு. மின்சாரம், கட்டடங்கள், போக்குவரத்து, குப்பை, வெள்ளமும் தண்ணீர்ப் பஞ்சமும் என்று போய், ஆறாவதாக எளிதில் பாதிக்கப்படக்கூடிய மக்களும் அவர்கள் உடல்நலமும் வருகிறது. முதியவர்கள் அந்த ஆறாவது அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் குறை அதில்தான். ஏனென்றால் அவர்கள் வாழ்க்கை முந்தைய ஐந்தில்தான் நடக்கிறது. மாநில அரசிடம் 2023இல் வந்த முதியோர் கொள்கையும் இருக்கிறது. அது வேறு துறை, வேறு கோப்பு.

கடைசி நூறு அடி

2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு-ஆலந்தூர் மெட்ரோ ஓடத் தொடங்கியபோதே வடபழனிக்கு ரயில் நிலையம் வந்துவிட்டது. லிஃப்ட், எஸ்கலேட்டர், ஏசி, உட்கார நாற்காலி என்று ஒரு முதியவருக்கு இதைவிட நல்ல வாகனம் சென்னையில் கிடையாது. சிக்கல் ரயிலில் ஏறும்வரைக்கும், இறங்கிய பிறகும்தான். ஆற்காடு சாலையில் கலங்கரை விளக்கம்-பூந்தமல்லி வழித்தடத்துக்கான வேலை தொடங்கிய நாளிலிருந்து நடைபாதை என்பது நேற்று இருந்து இன்று இல்லாமல் போகிற சங்கதி. தடுப்புத் தகரத்தை ஒட்டி, எதிரே வரும் பைக்கைப் பார்த்துக்கொண்டே நடக்க இருபது வயதுக்காரரால் முடியும்.

பேருந்துக் கதை இன்னும் விசித்திரம். அறுபது வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருகிறது மாநகரப் போக்குவரத்துக் கழகம். 2016இல் தொடங்கிய நல்ல திட்டம். ஆனால் 5இ-யோ 12பி-யோ பழைய வண்டியாக வந்து நின்றால் முதல் படி முழங்கால் உயரம். கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பதற்குள் விசில் ஊதிவிடும். மாற்றுத்திறனாளிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிய பிறகு 2024இல் தாழ்தள பேருந்துகள் வந்தன. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. பெரம்பூரில் மூட்டுவலிக்காரர் ஒருவர் அதில் ஏறுவதைப் பார்த்தேன். கைத்தாங்கல் இல்லாமல், ஒரே அடியில், கடைக்குள் நுழைவதுபோல் நுழைந்தார். புகையில்லாத வண்டி, படியில்லாத வண்டி இரண்டும் ஒரே வண்டியாக இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அடுத்து ஏசி மின்சாரப் பேருந்துகளும் வந்தன. முதியோர் டோக்கன் ஏசி வண்டியில் செல்லாது! ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்காவது, பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை அதைச் செல்லவைத்தால் கழகம் மூழ்கிவிடாது.

மழைநீர் வடிகால் கதையும் இப்படித்தான். 2021 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு திருப்புகழ் தலைமையில் கமிட்டி அமைத்து, நகரம் முழுக்கத் தோண்டிக் கட்டினார்கள். தண்ணீர் தேங்குவது பல தெருக்களில் குறைந்திருக்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வடிகாலின் மேல்மூடி சாலையைவிட ஓர் அடி உயரத்தில் நிற்கிறது, வீட்டு வாசலில் இருந்த சரிவுப் பாதை இடிபட்டது இடிபட்டதுதான். சக்கர நாற்காலிக்காரர் வீட்டோடு சிறை. சாலையைச் சுரண்டாமல் தார்மேல் தாராகப் போட்டுக்கொண்டே போன பல ஆண்டுப் பழக்கத்தால், பழைய தனிவீடுகள் தெருவைவிடப் பள்ளத்தில் கிடக்கின்றன. வாசலில் ஏறிப்போகக் கட்டிய படியில் இப்போது இறங்கிப்போகிறார்கள். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புது சாலை போட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அதற்கு முன்பே தாழ்ந்துபோன வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டிய தலைமுறை.

அப்புறம் யாரும் பேசாத ஒன்று. கோடை வந்தால் தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்கிறது. மோர்ப் பந்தல், ஓ.ஆர்.எஸ். எல்லாம் வைக்கிறார்கள். வெளியே கிளம்பும் வயதான பெண்கள் முந்தைய இரண்டு மணிநேரம் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் ஒண்ணுக்கு எங்கே போவது? புராஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களும் அப்படித்தான். வடபழனி சிக்னலிலிருந்து பத்து நிமிட நடையில், சுத்தமான, பிடித்து எழக் கைப்பிடி உள்ள, மேற்கத்திய கழிப்பறை எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒரு நல்ல கழிப்பறை எத்தனை சிறுநீரகத்தைக் காப்பாற்றும் என்று எந்தக் காலநிலைத் திட்டமும் கணக்குப் போடுவதில்லை. டெலிவரி ஊழியர்களுக்காக அண்ணா நகரிலும் தி.நகரிலும் 2025இல் மாநகராட்சி ஏசி ஓய்வறை திறந்தது. அந்தக் கதவை முதியவர்களுக்கும் திறந்துவிட்டால் என்ன?

கரன்ட் போனால்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அன்று வெள்ளம் வராத தெருக்களிலும் பேரிடர் வந்தது. மின்சாரம் போனது. பாதுகாப்புக்காக வாரியமே நிறுத்திய இடங்களும் உண்டு. சில பகுதிகளில் இரண்டு மூன்று நாட்களுக்குத் திரும்பவில்லை. அடுக்குமாடியில் மின்சாரம் போனால் முதலில் லிஃப்ட் நிற்கும். அடுத்து மோட்டார். மேல்நிலைத் தொட்டி ஒரு நாள் தாங்கும். பிறகு குழாயில் காற்று வரும். ஃபிரிட்ஜில் இன்சுலின் சூடாகும். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் நின்றுபோகும். செல்போன் அணைந்துவிட்டால் நியூஜெர்சியில் இருக்கும் பிள்ளைக்கு அம்மா உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாது. ஜெனரேட்டர் வைத்த கட்டடங்களில் அதைத் தரைத்தளத்தில் வைத்திருந்தார்கள். தண்ணீர் முதலில் தேடிப் போனது அதைத்தான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு பல குடியிருப்போர் சங்கங்கள் சோலார் பக்கம் திரும்பியிருக்கின்றன. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் சங்கங்களுக்கும் மானியம் உண்டு. நல்லதுதான். ஆனால் சங்கக் கூட்டத்தில் பெரும்பாலும் விளங்காத ஒரு விஷயம் இருக்கிறது. மானியத்தில் பொதுவாக மாட்டித் தரும் சோலார், மின்வாரியக் கம்பியோடு இணைந்தது. கம்பியில் மின்சாரம் நின்றால், பழுதுபார்க்கும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க, இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். உச்சிவெயில் அடித்தாலும் மொட்டைமாடித் தகடுகள் சும்மா கிடக்கும். பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் மட்டுமே லிஃப்டையும் ஒரு சின்ன மோட்டாரையும் கொஞ்ச நேரமாவது ஓட்டலாம். செலவு கூடும். "பில் எவ்வளவு குறையும்" என்று கேட்டு வாங்கினால் முதல் வகை வரும். "மூன்றாம் மாடி மாமிக்குப் புயலன்று தண்ணீர் ஏறுமா" என்று கேட்டு வாங்கினால் இரண்டாவது வகை வரும். கார்பனைப் பொறுத்தவரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கிற விஷயத்திலும் சங்கத்தில்தான் முட்டுக்கட்டை. பெரிய கோயில்களின் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்காக அடித்திருக்கும் வெள்ளைப் பட்டையில் நடந்தவர்களுக்கு இதன் பலனை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்பில் சுற்றுச்சூழல் துறை இதைச் சோதனையாகச் செய்து பார்த்தது. அறைக்குள் சில டிகிரி குறையும், ஏசி ஓடும் நேரமும் குறையும். ஆனால் சட்டப்படி மொட்டைமாடி எல்லோருக்கும் பொது. சூடு மட்டும் மேல்மாடிக்காரருக்கு. கீழ்த்தளத்துக்காரர் தன் பங்கைக் கொடுக்க மாட்டார். மேல்மாடிக்காரருக்கோ பென்ஷன்.

பட்டியல் ஏற்கெனவே இருக்கிறது

2003 ஆகஸ்டில் பிரான்ஸில் வெயில் கொளுத்தியபோது ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள், பலர் தனியே வசித்தவர்கள். பிள்ளைகள் விடுமுறைக்குப் போயிருந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. ஒவ்வொரு நகராட்சியும் முதியவர்களின் பதிவேடு வைத்திருக்க வேண்டும். வெயில் எச்சரிக்கை வந்தால் பெயர் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். நம் நாட்டில் அகமதாபாத் 2010 மே மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேரைக் கூடுதலாக இழந்த பிறகு, 2013இல் வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது.

சிகாகோவில் 1995 ஜூலையில் 739 பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க், அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஏழைப் பேட்டைகளை ஒப்பிட்டார். தனித்து வாழும் முதியவர்கள் இரண்டிலும் ஏறக்குறைய அதே அளவு. ஆனால் ஒன்றில் இறப்பு விகிதம் மற்றதைவிடப் பத்து மடங்கு. குறைவாக இறந்த பேட்டையில் தெருவில் கடைகள் இருந்தன, ஆள் நடமாட்டம் இருந்தது, கிழவர்கள் பயமில்லாமல் கீழே இறங்கி வந்தார்கள். வடபழனியின் நெரிசலைத் திட்டும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வரும். தெருமுனை இஸ்திரி வண்டி, பூக்காரம்மா, வாட்ச்மேன், மருந்துக்கடைப் பையன் எல்லாரும் இரண்டு நாள் ஒருவரைப் பார்க்காவிட்டால் "சார் எங்க காணோம்" என்று கேட்பவர்கள். ஒழுங்குபடுத்துகிறோம் என்று நடைபாதையைத் துடைத்தெடுக்கும்போது அவர்களும் போய்விடுகிறார்கள்.

அரசிடமும் இப்படி விசாரிக்கிற கைகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கப் படியேறி வருகிறார். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய், யார் படுத்த படுக்கை என்பது அவர் நோட்டில் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 12இல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வாசலுக்கே வருகிறது. இவை எதையும் காலநிலைத் திட்டம் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மே மாத வெயிலில் ரேஷன் கடை வரிசையில் நிற்பதிலிருந்து ஒரு பாட்டியைக் காப்பாற்றுவது, இந்த நகரத்தின் மிகச்சிறந்த காலநிலை நடவடிக்கைகளில் ஒன்று என்பது என் கணிப்பு. வார்டு வாரியாக இந்த இரண்டு பட்டியலையும் சேர்த்து வைத்தால், பிரான்ஸ் சட்டம் போட்டுச் சேகரித்தது நமக்குப் பாதி கைக்கு வந்துவிடும். ரெட் அலர்ட் கொடுக்கும் நாளில் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிட வேண்டும், எடுக்காதவர் வீட்டுக்கு ஆள் போக வேண்டும். 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. அது இவர்கள் கூப்பிட்டால் எடுக்கும். வெயிலில் மயங்கியவர் கூப்பிட மாட்டார். நாம்தான் கூப்பிட வேண்டும்.

முதியவர்கள் சும்மா காத்திருக்கிற கூட்டம் என்றும் நினைக்க வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 64 வயதைத் தாண்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சங்கம் வைத்து, வெயில் எங்களைக் கொல்கிறது, அரசு போதுமானதைச் செய்யவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் ஜெயித்தும்விட்டார்கள். நம்மூரில் வழக்குப் போட வேண்டாம். ஏரியா சபைக் கூட்டம் நடத்த 2022இலேயே விதி வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தைக் காலை ஏழு மணிக்கு, மாடியில்லாத இடத்தில் வைத்தால் போதும், பேச ஆள் வரும்.

வடபழனிக்கு அடுத்து வரப்போவது பெரிய இடிப்பு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம் 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். கட்டுநர்கள் லிஃப்ட் போட்ட, தூண் தளம் வைத்த, சோலார் பொருத்திய படத்தோடு படியேறி வந்துகொண்டிருக்கிறார்கள். வெள்ளத்துக்கும் வெயிலுக்கும் பழைய கட்டடத்தைவிடப் புதியது தேவலை என்பதில் சந்தேகமில்லை. கையெழுத்துப் போடத் தயங்குபவர் பிடிவாதக்காரர் என்று சங்கத்தில் ஒரு பேச்சு இருக்கும். எழுபத்தெட்டு வயதில் இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டுக்குப் போய், தெரிந்த டாக்டரையும் கடனுக்கு மாத்திரை தரும் மருந்துக்கடையையும் தினமும் போகிற கோயிலையும் விட்டுவிட்டு, திரும்பி வருவோமா என்று யோசிப்பவர் அவர். ஒப்பந்தத்தில் மூன்று வரி சேர்த்தால் அந்தத் தயக்கம் பாதி குறையும். தற்காலிக வீடு அதே வட்டாரத்தில், தரைத்தளத்திலோ லிஃப்டுள்ள கட்டடத்திலோ இருக்க வேண்டும். லிஃப்டும் ஒரு மோட்டாரும் மின்வெட்டில் குறைந்தது ஒரு நாள் ஓடப் பேட்டரி வேண்டும், அது தூண் தளத்தில் இல்லாமல் முதல் மாடிக்கு மேலே இருக்க வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, அதன் பராமரிப்பு, எல்லாத் தளத்துக்காரர் செலவிலும். சதுர அடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று பேசி முடித்த பிறகு கட்டுநரிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார், ஏனென்றால் அவருக்கு இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கும்.